ஸ்லைடு புளூஸ் பழக: அலமாரி மேல் கிடக்கும் கிட்டாரா, புது உகுலேலேயா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை ஸ்லைடு முறையில் பழக நினைக்கிறவருக்கு இப்போது மூன்று வழி இருக்கிறது. ஆன்லைனில் நூறு வெள்ளி சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும், நாலு நைலான் கம்பி போட்ட சின்னக் கிட்டாரான உகுலேலே ஒன்று. ஈப்போ வரைக்கும் போய்ப் புதுக் கிட்டார் வாங்கி வருவது இன்னொன்று. மூன்றாவதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை: மாமாவோ சித்தப்பாவோ ஒரு காலத்தில் கலியாண வீட்டு இசைக்குழுவில் வாசித்துவிட்டு அலமாரி மேல் போட்டு வைத்த, கம்பி துருப்பிடித்த கிட்டார். என் ஓட்டு அந்த மூன்றாவதற்குத்தான். அதற்காக உகுலேலேயை ஒதுக்கிவிட முடியாது. அதில் ஸ்லைடு வராது என்று அடித்துப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வாசித்தே பார்க்காதவர்கள்.

ஸ்லைடு என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கம்பியை விரலால் அழுத்துவதற்குப் பதிலாக, விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாயையோ உலோகக் குழாயையோ கம்பியின் மேல் லேசாக வைத்து இழுக்கிறோம். கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில், இரண்டுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுரமெல்லாம் வெளியே வருகிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியம் இல்லை. கோட்டுவாத்தியம் என்கிற சித்ரவீணையில் ஃபிரெட் மாதிரியான மெட்டுக் கட்டையே கிடையாது. மர உருளையைக் கம்பிமேல் ஓட்டியே முழுக் கச்சேரியும் செய்துவிடுவார்கள். புளூஸின் உயிர் இருக்கிற இடம் காந்தாரம். சாதாரண காந்தாரத்துக்குக் கொஞ்சம் மேலே, அந்தர காந்தாரத்தை எட்டாமல், நடுவில் எங்கோ நிற்கும். விரலால் ஃபிரெட்டில் அழுத்தினால் அந்த இடம் நேராகக் கிடைக்காது, கம்பியை வளைத்துத்தான் எட்ட வேண்டும். குழாயை வைத்தால் தானாக வருகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பினத்தவர் கத்தியைக் கம்பியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாகப் புளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1941இல் வந்த தன் சுயசரிதையில் எழுதினார். அந்த வட்டாரத்துப் பெரிய பெயரான சார்லி பாட்டன் இளவயதில் இருந்தது டாக்கரி பருத்தித் தோட்டத்தில். உகுலேலே பக்கம் பார்த்தால், 1879இல் மதேரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுவுக்கு ஆள் ஏற்றி வந்தது, கரும்புத் தோட்ட வேலைக்கு. அதில் வந்த தச்சர்கள் மூன்று பேர் தங்கள் ஊர்ச் சின்னக் கிட்டாரை அங்கே செய்யத் தொடங்கியதில் பிறந்ததுதான் உகுலேலே. பத்து வருடத்துக்குள் அதே ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பையன் கிட்டாரை மடியில் போட்டு, இரும்புத் துண்டால் வாசிக்க ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். ஆக இரண்டு கருவியின் கதையிலும் கப்பலோ வண்டியோ ஏறி வந்த தோட்டக் கூலிகள் இருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். முதலில் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. ஸ்லைடில் ஒரே மீட்டலில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போய், போன இடத்தில் கையை ஆட்டி அதிர்வு கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் கம்பி பேசிக்கொண்டிருக்க வேண்டும். 012 அளவு (முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) இரும்புக் கம்பி செட் போட்ட கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். உகுலேலேயின் நாலு நைலான் கம்பியிலும் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம். நைலான் எடை குறைந்தது, தன் அதிர்வைத் தானே சீக்கிரம் விழுங்கிவிடும். அதனால் உகுலேலேயில் நீளமான இழுப்பு பாதி வழியிலேயே மெலிந்துவிடுகிறது. குட்டைக் குட்டையான வாக்கியமாகப் பேசினால்தான் அதில் எடுபடும். அதிலும் ஒரு அழகு உண்டு, ஆனால் அந்தக் காலத்து ஸ்லைடு பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சனைக் கேட்டுவிட்டு வந்து அதே முனகலை உகுலேலேயில் தேடினால் கிடைக்காது. அவர் 1927இல் பதிந்த ஒரு வாசிப்பைத்தான் 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்கத் தட்டில் சேர்த்தார்கள். சொல் என்று எதுவும் இல்லை, வெறும் முனகலும் ஸ்லைடும்தான்.

அடுத்தது பாஸ் என்கிற தாழ்ந்த ஒலி. தனியாக உட்கார்ந்து பாடி வாசிக்கிற புளூஸில் கட்டைவிரல் ஒரு பக்கம் தடித்த கம்பிகளில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மேல் கம்பிகளில் ஸ்லைடு பாட்டுக்குப் பதில் சொல்லும். உகுலேலேயில் அந்தத் தடித்த கம்பியே இல்லை. சாதாரண உகுலேலேயில் நாலாவது கம்பி தடிப்பாகக் கூட இருக்காது, முதல் கம்பிக்குப் பக்கத்துச் சுருதியில் உயரத்தில் நிற்கும். அதை மாற்றி ‘லோ ஜி’ என்று கேட்டு வாங்கும் தாழ்ந்த கம்பியைப் போட்டாலும், ஸ்லைடுக்காக ஓப்பன் ஜி என்ற சுருதியில் சேர்த்த கிட்டாரின் அடிக் கம்பியைவிட ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயி மேலேதான் இருக்கும். டோலக்கி அடிக்கிற நண்பன் பக்கத்தில் இருந்தால் இந்தக் குறை பாதி மறைந்துவிடும். தனி ஆளாக என்றால் மறையாது.

இதுவரைக்கும் கேட்டால் உகுலேலே தோற்ற மாதிரி இருக்கிறது. ஆனால் சுருதி சேர்க்கிற இடத்தில் கதை மாறுகிறது, இதைத்தான் எங்கள் ஊர்ப் பையன்களிடம் நான் உட்கார வைத்து விளக்குவது.

ஸ்லைடுக்கு ஓப்பன் டியூனிங் வேண்டும், அதாவது எதையும் தொடாமல் மீட்டினாலே ஒரு முழுக் கார்டு, பொருந்தி ஒலிக்கும் சுரங்களின் கூட்டம், கேட்க வேண்டும். கிட்டாரில் அதிகம் புழங்குவது இரண்டு. ஓப்பன் ஜி: ஆறாவது கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. ஓப்பன் டி: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. உகுலேலே வழக்கமாக ஜி, சி, இ, ஏ. இதில் முதல் கம்பியான ஏ-யை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கி ஜி ஆக்கிவிட்டால் போதும், ஜி, சி, இ, ஜி என்று ஓப்பன் சி வந்துவிடும். ஒரே ஒரு முறுக்காணி, அவ்வளவுதான் வேலை. இப்போது கிட்டாரின் ஓப்பன் ஜி-யில் நாலாவதிலிருந்து முதல் கம்பி வரை மட்டும் பாருங்கள்: டி, ஜி, பி, டி. பஞ்சமம், சட்ஜம், காந்தாரம், பஞ்சமம். லோ ஜி போட்ட உகுலேலேயின் ஜி, சி, இ, ஜி-யும் அதே பஞ்சமம், சட்ஜம், காந்தாரம், பஞ்சமம். கிட்டாரில் 5ஆம் ஃபிரெட்டில் காப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி, மாட்டினால் இரண்டும் சுருதிக்குச் சுருதி ஒன்றாகிவிடும். ஒன்றில் பழகிய இடமெல்லாம் மற்றதில் அப்படியே செல்லும். மூன்றாவது கம்பியில் 3ஆம் ஃபிரெட்டுக்கு மேல் குழாயை வைத்து, 4ஐத் தொடாமல் மயிரிழை முன்னே தள்ளினால் நான் மேலே சொன்ன அந்த நடுக் காந்தாரம். இரண்டு கருவியிலும் அதே கம்பி, அதே ஃபிரெட். பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாள அளவு, கொண்ட புளூஸ் சுற்றும் அப்படித்தான்: திறந்த கம்பியில் வீட்டுக் கார்டு, 5இல் நாலாவது, 7இல் ஐந்தாவது, 12இல் மறுபடி வீடு.

பாரிடோன் என்கிற பெரிய உகுலேலே இன்னும் ஒரு படி கிட்டே வருகிறது. அது பிறக்கும்போதே டி, ஜி, பி, இ. முதல் கம்பியை டி-க்கு இறக்கினால் கிட்டாரின் அதே டி, ஜி, பி, டி, காப்போகூட வேண்டாம். பாடுகிறவருக்கும் இது வசதி. ஓப்பன் ஜி என்றால் ஐந்து கட்டை, உகுலேலேயின் ஓப்பன் சி ஒரு கட்டை. உங்கள் குரல் எங்கே உட்காருகிறது என்று முன்பே தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் பக்கத்துச் செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப சின்னதிலேயே பழகிட்டு அப்புறம் பெரிசுக்கு மாறிக்கலாமேண்ணே” என்றான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தடுப்பது அளவு.

குழாய் ஃபிரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், விரல் வைக்கிற மாதிரி அதற்குப் பின்னால் நிற்கக் கூடாது. கை 2 மில்லிமீட்டர் தள்ளி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு அரைச்சுரத்தை 100 சென்டாகப் பிரித்தால், 65 சென்டிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் 5ஆம் ஃபிரெட்டில் அந்தத் தவறு சுமார் 7 சென்ட். 43 சென்டிமீட்டர் டெனர் உகுலேலேயில் அது 11. சின்ன ரகமான 33 சென்டிமீட்டர் சோப்ரானோ உகுலேலேயில் 14. 12ஆம் ஃபிரெட்டுக்குப் போனால் கிட்டாரில் 11, சோப்ரானோவில் 21. கிட்டாரில் கையை ஆட்டும் அதிர்விலேயே மறைந்துபோகிற தவறு, சோப்ரானோவில் அபசுரமாகவே கேட்கும். காது பழகாத ஆளுக்கு, தான் எங்கே தப்புகிறோம் என்பதே பிடிபடாது. அதனால்தான் நூறு வெள்ளி சோப்ரானோவை ஸ்லைடுக்கென்று வாங்காதீர்கள் என்கிறேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் விளையாடிப் பாருங்கள், அது வேறு.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சுருதியில் கறார் காட்டுகிற உகுலேலே, சத்தத்தை அடக்குகிற விஷயத்தில் தாராளமாக இருக்கும். கிட்டாரில் குழாயை வைத்ததும், அதற்குப் பின்னால், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் கட்டையான நட் பக்கம் இருக்கிற கம்பித் துண்டும் சேர்ந்து முணுமுணுக்கும், தொடாத கம்பிகளும் கூடவே கத்தும். குழாய்க்குப் பின்னால் ஆள்காட்டி விரலைப் பட்டும் படாமல் படுக்க வைத்து அதை அடக்க வேண்டும். வலது கையில் வாசிக்காத கம்பிகளை விரல் நுனியால் மூடி வைக்க வேண்டும். ஆரம்பத்தில் பொறுமையைச் சோதிப்பது இதுதான். நைலான் சீக்கிரம் அடங்குவதால் உகுலேலேயில் இந்தத் தொல்லை பாதிகூட இல்லை.

இனி அலமாரி மேல் கிடக்கிற கிட்டாருக்கு வருகிறேன். ஊரில் கபோக் (kapok) கிட்டார் என்று பொதுவாகச் சொல்லும் அந்த மலிவு ரகம், பல வருடம் வெயிலும் ஈரமும் தின்று கழுத்து லேசாக வளைந்து, கம்பிகள் ஃபிரெட்டை விட்டு நன்றாக உயர்ந்து நிற்கும். விரலால் அழுத்தி வாசிக்கிறவனுக்கு அது தண்டனை. “வாசிக்கவே முடியல” என்றுதான் அதை மேலே ஏற்றியிருப்பார்கள். ஸ்லைடுக்கோ கம்பி உயரமாக நிற்பதுதான் தேவை! குழாயைக் கொஞ்சம் அழுத்தினாலும் ஃபிரெட்டில் இடிக்காது. புதுக் கிட்டார் வாங்கினால் கம்பி தாழ்வாக இருக்கும். குழாய் ஃபிரெட்டில் மோதி டக் டக் என்று கேட்கும். அதை உயர்த்த வேறு செலவு. உகுலேலேயும் அப்படியே, அதன் நைலான் கம்பி இன்னும் மெத்தென்று கீழே அமுங்கும். நட்டுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகிக் கம்பியைத் தூக்குவது எல்லாரும் செய்கிற தந்திரம். வேலை செய்யும், ஆனால் பென்சில் இருக்கும்வரை விரலால் கார்டு பிடிக்க முடியாது.

பழைய கிட்டாரில் கவனிக்க வேண்டியது கம்பி இழுவை. ஓப்பன் ஜி-யும் ஓப்பன் டி-யும் கம்பிகளை இறக்கித்தான் சேர்க்கப்படுகின்றன, எதையும் ஏற்றுவதில்லை. அதனால் தளர்ந்த உடம்புக்குப் பாரம் குறைகிறது. ஸ்லைடு கலைஞர் எல்மோர் ஜேம்ஸ் மாதிரி கேட்க வேண்டுமானால் ஓப்பன் டி போதும். இன்னொரு ஸ்லைடு கலைஞர் டுவேன் ஆல்மன் புழங்கிய ஓப்பன் இ-யில் மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டும், ஓப்பன் ஏ-யிலும் மூன்று. இவற்றைப் பழைய கிட்டாரில் தொடாதீர்கள். அந்த உயரம் வேண்டுமானால் ஓப்பன் டி-யில் சேர்த்துவிட்டு 2ஆம் ஃபிரெட்டில் காப்போ மாட்டினால் ஓப்பன் இ தானே? கம்பி 012 செட் போதும். 013 போட்டால் ஒலி இன்னும் கனக்கும், ஆனால் அது உடம்பு உறுதியான கிட்டாருக்கு. பழையது நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் ரகமாக இருந்தால் அதில் இரும்புக் கம்பி போடவே கூடாது, உடம்பில் கம்பியின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். உகுலேலேக்கும் இதே எச்சரிக்கைதான்.

வெயிலும் மழையும் நம் பக்கம் எப்படி என்று தெரியும். இரும்புக் கம்பி சீக்கிரம் துரு ஏறும், அதிலும் கை வியர்க்கிறவர்களுக்கு. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் கொஞ்ச காலம் கூடுதலாக வரும். நைலானுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் தகரக் கூரையில் மழை அடிக்கிற நேரத்தில் உகுலேலே வாசிப்பது வாசிக்கிறவருக்கே கேட்காது. அதற்கு நேர் எதிராக, பலகைச் சுவர் வைத்த லயத்து வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் பழக வேண்டியவருக்கு அதே சின்ன ஒலி வரம். ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து பழகுகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

குழாய்க்குப் பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம். கிட்டார்க் கலைஞர் லோவெல் ஜார்ஜ் ஸ்பார்க் பிளக் கழற்றும் சாக்கெட்டை விரலில் மாட்டித்தான் வாசித்தார். ஆல்மன் பயன்படுத்தியது காலி மருந்துக் கண்ணாடிக் குப்பி. மோட்டார் பட்டறையில் கேட்டால் பழைய நீள சாக்கெட் ஒன்று கிடைக்கும். ஏர்கோன் பொருத்துகிறவர்களிடம் ஐந்தெட்டு அங்குலச் செப்புக் குழாய்த் துண்டு இருக்கும், ஒல்லியான சுண்டுவிரலுக்குப் பொருந்தும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்காமல் மாட்டாதீர்கள். கிட்டாருக்குக் கனமான குழாய் நல்லது, எடைதான் ஒலியை நீட்டுகிறது. ஆறு கம்பியையும் மூட 6 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். உகுலேலேக்கு அதே சாக்கெட்டைப் போட்டால் நைலானை நசுக்கி ஃபிரெட்டில் இடிக்கும். 4 சென்டிமீட்டர் சொச்ச நீளத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாய்தான் அதற்குச் சரி. எந்த விரல் என்று சண்டை வேண்டாம். சுண்டுவிரலில் மாட்டினால் மற்ற மூன்று விரலும் கார்டுக்குக் காலியாக இருக்கும். ஆல்மன் மோதிர விரலில் மாட்டினார், பானி ரேய்ட் நடுவிரலில்.

மடியில் படுக்க வைத்து வாசிக்கும் வழியும் உண்டு. கம்பி இன்னும் உயரமாக, கையில் இரும்புத் துண்டு, விரலால் அழுத்தும் பேச்சே இல்லை. விஸ்வ மோகன் பட் தன் மோகன வீணையை இப்படித்தான் வாசிக்கிறார். அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் ரை கூடரோடு அவர் சேர்ந்து செய்த இசைத்தட்டுக்கு 1994இல் கிராமி கிடைத்தது. கழுத்து ரொம்பவே வளைந்துபோன கிட்டார் வீட்டில் இருந்தால், பென்சில் வைத்து இந்த முறையில் தொடங்கலாம். உகுலேலேயை மடியில் வைத்தால் நழுவிக்கொண்டே இருக்கும், அதை விட்டுவிடுங்கள். ரெசனேட்டர் என்கிற தகர உடம்புக் கருவிகளை நேஷனல் கம்பெனி 1927இல் செய்யத் தொடங்கியது, அவற்றில் உகுலேலேகூட உண்டு. ஒலி அபாரம், விலை நம் கைக்கு எட்டாது.

இப்போது யாருக்கு எது? பாடவும் ஆசை, தனியாக வாசிக்கவும் ஆசை என்றால் கிட்டார்தான், அதுவும் பழையது. சின்னக் கை, விரல் வலி, பக்கத்து வீட்டுத் தூக்கம், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற நிலைமை எல்லாம் சேர்ந்தால் உகுலேலே. ஆனால் டெனரில் லோ ஜி கம்பி, அல்லது பாரிடோன். பாரிடோன் நம் ஊர்க் கடையில் தொங்காது, ஈப்போவிலோ ஆன்லைனிலோ தேட வேண்டும். ஏற்கெனவே உகுலேலே வாசிக்கத் தெரிந்தவர் புதிதாக எதுவும் வாங்காமல், இன்று ராத்திரியே முதல் கம்பியை ஒரு முழுச்சுரம் இறக்கிப் பார்க்கலாம்.

அலமாரியிலிருந்து கிட்டாரை இறக்கியதும் கம்பி வாங்க ஓடாதீர்கள். முதலில் பிரிட்ஜின் பின்பக்க விளிம்பில், கிட்டாரின் அடிப்பக்கம் பார்த்திருக்கும் விளிம்பில், ஒரு தாளின் முனையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போகவில்லை, பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையும் பெரிதாகப் புடைக்கவில்லை என்றால் 012 செட் வாங்கி ஓப்பன் ஜி-யில் சேர்க்கலாம். தாள் உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் பிரிட்ஜ் கழன்றுகொண்டிருக்கிறது. கழற்றிப் புதிதாக ஒட்டும்வரை அதில் கம்பி ஏற்றக் கூடாது. ஒட்டித் தர ஆள் கிடைக்காவிட்டால், பாரிடோன் உகுலேலேக்குப் பணம் எடுத்து வையுங்கள்.